நாள் தள்ளிப்போனால் முதலில் யாரிடம் சொல்வது? முதல் மூன்று மாதப் பரிசோதனை ஏன் தவறிப்போகிறது?

#1
எழுதியவர்: துணைநிலையச் செவிலி

எல்லோருக்கும் வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. ஐந்தாயிரம் பேருக்கு ஒரு நர்ஸம்மா என்பது கணக்கு. எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

போன வாரம் நடந்ததைச் சொல்லிவிட்டு என் கேள்விக்கு வருகிறேன். தெருவில் கணக்கெடுத்துக்கொண்டு போகும்போது அடிபம்பு பக்கத்தில் ஒரு பெண் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "அக்கா, கொஞ்சம் இப்படி வாங்க" என்று வைக்கோல் போருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். நாள் தள்ளிப்போய் இரண்டு மாசத்துக்கு மேல் ஆகிறதாம். "கர்ப்பிணி அட்டை மட்டும் இப்ப போடாதீங்கக்கா. போட்டா நீங்க வீட்டுக்கு வருவீங்க, அத்தைக்குத் தெரிஞ்சிடும். மூணு மாசம் முடியட்டும்" என்றாள். போன வருஷம் முழுகாமல் இருந்தபோது எல்லோரிடமும் சொன்னாளாம். பத்தாவது வாரம் கலைந்துவிட்டது. வெளியே சொன்னதால் கண் பட்டுவிட்டது என்று மாமியார் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. விரல் நுனியில் குத்திப் பார்த்தால் ஹீமோகுளோபின் 7.8. பதினொன்று இருக்க வேண்டும். கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியை, அதாவது கடைசி மாதவிலக்குத் தேதியை, கேட்டுக் கணக்குப் போட்டால் பதினோராவது வாரம் நடக்கிறது. ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்தேன். மாத்திரை அட்டையோடு வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து, இடுப்பில் வைத்திருந்த குங்கும டப்பாவில் போட்டுக்கொண்டாள். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து மனசு சரியில்லை. கரு தங்கி இருபத்தெட்டு நாளுக்குள் பிள்ளையின் முதுகுத்தண்டுக் குழாய் மூடிவிட வேண்டும். தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணினால் ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் பாதிப் பெண்களுக்குத் தாங்கள் முழுகாமல் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் வாயைத் திறப்பதில்லை. எங்கள் மாத்திரை, ரத்தப் பரிசோதனை, அறிவுரை எல்லாம் எந்த வாரங்களில் அதிகம் உதவுமோ, அந்த வாரங்களில்தான் அவர்கள் எங்களிடமிருந்து ஒளிந்துகொள்கிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பயப்படுகிறவளிடம் பயப்படாதே என்று சொன்னால் பயம் போய்விடுமா? அவள் ஒளிந்திருக்கும் இடத்துக்கே நாம் எப்படிப் போவது? உங்கள் ஊரில், உங்கள் நாட்டில் இதற்கு என்ன செய்கிறார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2
எழுதியவர்: காவேரிக்கரை

அம்மா, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஆத்தா ஒன்பது பிள்ளை பெற்றவர். ஊசி கிடையாது, ஸ்கேன் கிடையாது. ஊர் மருத்துவச்சி வந்து பார்த்தார், அவ்வளவுதான். இன்றைக்கு என் மருமகளுக்கு எட்டாவது வாரத்திலேயே நாலு வகை ரத்தப் பரிசோதனை, இரண்டு ஸ்கேன். தனியார் ஆஸ்பத்திரிக்காரர்கள் பயமுறுத்திப் பணம் பிடுங்குவதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. மூன்று மாதம் பொறுத்துப் போனால் என்ன கெட்டுவிடும்? உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

#3
எழுதியவர்: துணைநிலையச் செவிலி

ஐயா, கேட்டது நல்லது. ஊரில் பல பேர் மனசில் இந்தக் கேள்வி இருக்கிறது, கேட்காமல் போய்விடுகிறார்கள்.

உங்கள் ஆத்தா பெற்ற ஒன்பதில் எத்தனை தங்கியது என்று வீட்டில் மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். என் அப்பாயி ஏழு பெற்றார், மூன்றுதான் நின்றது. நாலாவது பிரசவத்தில் ஜன்னி வந்து இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்ததாகச் சொல்வார்.

மற்றபடி ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுக்கச் சொல்லி நான் யாரையும் அனுப்புவதில்லை. முதல் தடவை என்னிடம் வந்தால் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், ரத்த வகை, யூரினில் உப்பு (புரதம்), சர்க்கரை, அப்புறம் எச்.ஐ.வி., மேகப்புண் (சிபிலிஸ்) சோதனை. அரசாங்கத்தில் எதற்கும் காசு கிடையாது.

#4
எழுதியவர்: பேறுகால மருத்துவர்

செவிலியம்மா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். அரசு மருத்துவமனையில் மகப்பேறு பிரிவில் இருக்கிறேன். காவேரிக்கரை ஐயா கேட்ட "என்ன கெட்டுவிடும்" என்பதற்கு நான் பார்த்ததை வைத்தே பதில் சொல்கிறேன்.

ரத்தசோகையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாதம் வந்தால் மாத்திரையிலும் சாப்பாட்டிலுமே ஏற்றிவிடலாம், நமக்கு ஆறு மாதம் கையில் இருக்கிறது. ஏழாம் மாதம் வந்தால் நரம்பில் இரும்புச்சத்து ஏற்ற வேண்டும். ஒன்பதாம் மாதம் வெளுத்துப்போய் வந்தால் ரத்தம்தான் ஏற்ற வேண்டும். அதற்குள் வலி எடுத்துவிட்டால், மற்றவளுக்கு ஒன்றும் செய்யாத ரத்தப்போக்கு இவள் உயிரை எடுத்துவிடும். தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 48.3. செவிலியம்மா வைக்கோல் போருக்குப் பின்னால் பார்த்த அந்தப் பெண்ணைப் போலத் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

அடுத்து இதயம். சின்ன வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கிப் போயிருக்கும், அவளுக்கே தெரியாது. "மாடி ஏறினா மூச்சு வாங்கும் டாக்டர், ஆனா எல்லாருக்கும் வாங்கும்ல" என்பாள். கர்ப்பத்தில் ரத்த ஓட்டம் பாதி மடங்கு கூடும்போது அந்த இதயம் தாங்காது. முதல் வருகையில் யாராவது ஒருவர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துப் பொறுமையாகக் கேட்டிருந்தால் அந்த முணுமுணுப்பு கேட்டிருக்கும். எட்டாம் மாதம் நுரையீரலில் நீர் கோத்து ஆம்புலன்சில் வந்து இறங்கிய ஒரு பெண்ணை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. அதற்கு முன் அவள் மூன்று இடத்தில் ஸ்கேன் எடுத்திருந்தாள். நெஞ்சில் யாரும் காது கொடுக்கவில்லை.

வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பெண்கள் விஷயம் இன்னும் அவசரம். வால்ப்ரோயேட் என்ற மருந்து முதல் வாரங்களிலேயே கருவின் முதுகுத்தண்டைப் பாதிக்கக்கூடியது. பயந்துபோய்த் தானாக நிறுத்தினாலும் ஆபத்து, வலிப்பு வந்துவிடும். கல்யாணம் நிச்சயமானதுமே மருத்துவரிடம் பேச வேண்டியது இது. ஆனால் வலிப்பு இருப்பதையே மாப்பிள்ளை வீட்டுக்கு மறைத்துக் கல்யாணம் செய்கிற ஊரில் எங்கே பேசுவது?

ஒரு நல்ல விஷயமும் சொல்ல வேண்டும். கர்ப்பகால சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் வா, ரத்தம் கொடு, குளுக்கோஸ் குடி, மறுபடி ரத்தம் கொடு என்றால் பத்து கிலோமீட்டர் பஸ்ஸில் வரும் பெண் மயங்கி விழுந்துவிடுவாள், அல்லது வரவே மாட்டாள். சென்னையில் டாக்டர் வி. சேஷய்யா இதற்கு ஒரு வழி செய்தார். சாப்பிட்டிருந்தாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை ரத்தம் எடுத்தால் போதும். 140 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை. இந்திய அரசின் வழிகாட்டுதலே இப்போது அதுதான். சோதனையைத் தூரத்திலிருந்து வருகிறவளின் வயிற்றையும் பஸ் நேரத்தையும் பார்த்து அமைத்தார்கள். பரிசோதனை எளிதில் கிடைப்பது என்றால் எனக்கு இதுதான் அர்த்தம்.

#5
எழுதியவர்: தேயிலைத்தளிர்

நுவரெலியாவில் இருந்து எழுதுகிறேன். படிப்பிக்கிற வேலை. என்னுடைய தங்கச்சி மிட்வைஃப். பெயர்ப்பலகையில் குடும்ப சுகாதார சேவை உத்தியோகத்தர் என்று இருக்கும், தோட்டத்தில் எல்லாருக்கும் அவள் "மிஸ்"தான்.

செவிலியக்கா கேட்ட "அவள் ஒளிந்திருக்கும் இடத்துக்கே எப்படிப் போவது" என்றதுக்கு இலங்கையில் ஒரு பதில் இருக்கு. கர்ப்பம் தரித்த பிறகு தேடிப் போகிறதில்லை, அதற்கு முந்தியே போய்விடுவார்கள். கலியாணம் முடித்து ஒரு சோடி லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வந்தால் மிஸ் அவர்களைத் தன் பதிவேட்டில் எழுதிப்போடுவாள். புதுசாகக் கலியாணம் கட்டின ஆட்களுக்கென்று வகுப்பு, எடை உயரம் பார்க்கிறது, இரத்தப் பரிசோதனை, ஃபோலிக் அமிலம். ருபெல்லா ஊசி போடாவிட்டால் போடுவது. பிறகு அடிக்கடி வீட்டுப் பக்கம் போய்வருவாள். எட்டு வாரத்துக்கு முதல் பதிய வேணும் என்பது அவர்களுக்கு இலக்கு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், மிஸ் வாசலுக்கு வந்தால் அந்த வீட்டில் யாரோ பிள்ளைத்தாச்சி என்று அயலட்டம் நினைக்காது. சின்னப் பிள்ளைக்கு நிறை பார்க்க வந்திருப்பாள், குடும்பக் கட்டுப்பாடு கதைக்க வந்திருப்பாள், சும்மாவும் வந்திருப்பாள். எல்லா வாசலுக்கும் போகிறவள் ஒரு வாசலுக்கு வருவதில் இரகசியம் உடையாது. உங்கட அந்தப் பெண் "நீங்க வீட்டுக்கு வந்தா தெரிஞ்சிடும்" என்று பயந்தது ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. தோட்டத்தில் கிளினிக் நாளில் கொழுந்து எடுக்க மலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது, அதாவது அன்றைய நாள் கூலி இல்லை. அரை நேரம் போனால் அரைப் பேர். கொழுந்து நிறை குறைந்தாலும் அப்படித்தான். முதல் மாதங்களில் வாந்தியோடும் தலைசுற்றோடும் கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஏறுவார்கள், ஏனென்றால் இன்னும் "வெளியில தெரியாத" கர்ப்பத்துக்கு இலகு வேலை கேட்க முடியாது. தமிழ் கதைக்கத் தெரிந்த மிட்வைஃப் காணாது. என் தங்கச்சி ஒருத்தி மூன்று டிவிஷன் (தோட்டப் பிரிவு) பார்க்கிறாள். 2022 நெருக்கடியில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற திரிபோஷா சத்துமா இல்லாமல் போய், பெட்ரோல் இல்லாமல் போய், அவள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தே போனாள். மேல் கணக்கு (மேல் டிவிஷன்) லயத்தில் ஒரு பெண்ணுக்கு அவள் போய்ச் சேர்ந்த நேரம் பதினாறு வாரம். "மிஸ், உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்" என்று அந்தப் பெண் சொன்னதை வீட்டுக்கு வந்து சொல்லி அழுதாள்.

#6
எழுதியவர்: செங்கல் பூமி

திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலர் நான். தேயிலைத்தளிர் சொன்ன "எல்லா வாசலுக்கும் போகிறவள்" என்பதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. வாசலே இல்லாதவர்களும் இருக்கிறார்கள்.

ஒடிசாவின் பலாங்கிர் பக்கமிருந்து வருஷா வருஷம் வருகிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வந்து ஆறு மாதம் கல் அறுப்பார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கணவன் மண் குழைக்க, மனைவி உருட்டிக் கொடுக்க, பிள்ளைகள் காய்ந்த கல்லைத் திருப்பிப் போட. யார் கை நின்றாலும் மொத்தக் குடும்பத்தின் கணக்கும் குறையும்.

கிளம்பும்போதே பலர் இரண்டு மாசம். ஊரில் பதிந்த அட்டை தகர வீட்டில், பெட்டியில் கிடக்கும். ஆதாரில் இருக்கும் போன் நம்பர் கணவனுடையது, அல்லது போன வருஷம் தொலைந்த போனுடையது. இங்கே பதியப் போனால் ஓ.டி.பி. வரும், யாருக்கு வரும்? இரண்டு வருஷம் முன்பு ஒரு பெண்ணை ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானே கூட்டிப் போனேன். நம்பர் வரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள், மறுபடி போனோம், கணினி வேலை செய்யவில்லை. மூன்றாவது தடவை மேஸ்திரி விடவில்லை. அவள் மொழியில் அவளிடம் ஒரு வார்த்தைகூட யாரும் பேசவில்லை. மூன்றாவது வகுப்புப் படிக்கிற பையன்தான் மொழிபெயர்த்தான். "கடைசியா எப்ப குளிச்சாங்கன்னு கேளுப்பா" என்று செவிலியர் கேட்க, அவன் "இன்னைக்குக் காலையில" என்று பதில் சொன்னான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

பதிவு நம்பர் கிடைத்த பிறகுதான் பரிசோதனை என்று எனக்குத் தெரிந்து எந்த அரசாணையும் சொல்லவில்லை. ஆனால் கவுன்டரில் இருப்பவர் அப்படித்தான் நடந்துகொள்கிறார். முதலில் ரத்த அழுத்தம் பாருங்கள், மாத்திரை கொடுங்கள், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், நம்பர் பிறகு வரட்டும். இதற்கு ஒரு ரூபாய் செலவு கிடையாது.

#7
எழுதியவர்: துணைநிலையச் செவிலி

செங்கல் பூமி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் நோட்டில்தான் முதலில் எழுதுகிறேன். ஆனால் எங்களுக்கும் மேலிருந்து கேட்பது பிக்மியில் (கர்ப்பிணிகளைப் பதியும் அரசு இணையதளம்) எத்தனை ஏறியது என்ற கணக்குதான். நோட்டில் இருப்பவளை நான் பார்த்ததாகவே கணக்கில் வராது. சில சமயம் ஒரு பெண்ணின் நாடியைப் பிடித்துக்கொண்டே அவள் நம்பரைப் பற்றி யோசித்திருக்கிறேன். அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு கூட்டம் உண்டு, யாரும் வாய்விட்டுப் பேசாதவர்கள். பதினெட்டு முடியாமல் கல்யாணம் ஆனவர்கள். பதிந்தால் வயது தெரியும், வயது தெரிந்தால் போக்சோ சட்டப்படி நாங்கள் தகவல் சொல்லியே ஆக வேண்டும். சட்டம் பிள்ளைகளைக் காப்பாற்ற வந்தது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பயத்தில் குடும்பமே அவளை மறைத்து வைத்து, வலி எடுத்த பிறகு கொண்டுவருகிறது. யாரைவிடவும் அதிகப் பரிசோதனை தேவைப்படுகிற சின்ன உடம்பு அது. போலீசுக்குத் தகவல் போவதும் அவளுக்கு வைத்தியம் கிடைப்பதும் ஒன்றையொன்று தடுக்காமல் நடக்க வேண்டும். எப்படி என்று என்னைவிடப் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

#8
எழுதியவர்: சிங்கைத் தோழி

நான் சிங்கப்பூரில் வேலை செய்யும் பெண்களுக்கு வார விடுமுறையில் உதவும் ஒரு குழுவில் இருக்கிறேன். இங்கே இருப்பது நீங்கள் யாரும் சொல்லாத ஒரு நிலைமை.

வீட்டு வேலைக்கு வந்திருக்கும் பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை கட்டாயம். அதில் கர்ப்பச் சோதனையும் உண்டு. உலகத்தில் பல கிராமங்களில் கிடைக்காத சோதனை இவர்களுக்குத் தேடி வந்து நடக்கிறது. ஆனால் இருக்கிறது என்று தெரிந்தால் வேலை அனுமதி போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மலேசியாவிலும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இதே கதி. அதனால் ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால் அவள் மருத்துவரிடம் போவதில்லை, மருத்துவரைப் பார்த்துத்தான் பயப்படுகிறாள். எங்கிருந்தோ மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, ரத்தப்போக்கோடு சமையலறையில் நின்றுகொண்டிருந்த ஒருத்தியை எனக்குத் தெரியும். கடன் அடைக்க இன்னும் எட்டு மாதச் சம்பளம் பாக்கி என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் மலேசியாவில் குடிமக்களுக்கு இருக்கும் ஏற்பாடு மிக நல்லது. அங்கே என் அக்கா பிள்ளை பெற்றாள். கர்ப்பிணி அட்டையில் நிற ஒட்டு ஒட்டுவார்கள். வெள்ளை என்றால் தாதியே பார்த்துக்கொள்வார், பச்சை என்றால் கிளினிக் டாக்டர், மஞ்சள் என்றால் நிபுணர், சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. எழுதப் படிக்கத் தெரியாத அத்தைகூடப் பார்த்தவுடன் புரிந்துகொள்வார். அதே கிளினிக் வாசலில் பெர்மிட் பெண் ஒருத்தி நின்றால் அவளுக்கு எந்த நிறமும் கிடையாது.

#9
எழுதியவர்: ஈஸ்ட்ஹாம் வாசி

நான் லண்டனில மொழிபெயர்ப்பாளரா இருக்கிறன். யாழ்ப்பாணம். மிட்வைஃப் அப்பாயின்ட்மென்டுகளுக்கு எங்கட சனத்துக்காகப் போறனான்.

இங்க முதல் சந்திப்பு பத்தாவது வாரத்துக்குள்ள நடக்கவேணும் எண்டது வழிகாட்டுதல். ஜிபியிட்ட (குடும்ப டாக்டர்) பதியிறதுக்கு விசா கேக்கேலாது, காசும் இல்லை. இது கனபேருக்குத் தெரியாது. பிரச்சினை ஆஸ்பத்திரியிலதான். வதிவிட உரிமை இல்லாதவைக்குப் பேறுகாலச் செலவுக்கு நூற்றைம்பது வீதம் பில் வரும். முன்காசு தந்தாத்தான் பார்ப்பம் எண்டு சொல்லி மறுக்கேலாது, அது விதி. ஆனா பில் வரும், ஐந்நூறு பவுணுக்கு மேல கட்டாமல் கிடந்தா உள்துறைக்கு அறிவிக்கலாம். அகதிக் கோரிக்கை விசாரணையில இருக்கிற ஆக்களுக்கு இந்தக் கட்டணமே இல்லை. அது தெரியாமல் பயந்து ஆறாம் மாதம் வரைக்கும் வீட்டுக்குள்ள இருந்த ஒரு பிள்ளையோட போன மாதம் போனன். அவ கட்டவேண்டியது ஒரு சதமும் இல்லை எண்டு மிட்வைஃப் சொன்னதை நான் தமிழில சொன்னவுடன என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை.

இன்னொண்டு. மனுசன்மார் தாங்களே மொழிபெயர்க்கிறம் எண்டு வருவினம். நல்ல மனசோடதான் வருவினம், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா வீட்டில அடி உதை இருக்கோ, முந்திக் கலைஞ்சதோ, மனசு சரியோ எண்டு கேக்கிற கேள்வியள அவரைக் கொண்டு கேட்டால் என்ன பதில் வரும்? தனியா ஒருக்காலாவது அவவைப் பார்க்கவேணும் எண்டு மிட்வைஃப்மார் விடாப்பிடியா நிப்பினம். செவிலியக்கா சொன்ன வைக்கோல் போர்தான் இங்க ஒரு சின்ன அறை.

#10
எழுதியவர்: எண்களோடு பேசுபவன்

பொதுச் சுகாதார ஆய்வில் இருப்பவன். இத்தனை பேர் நேரில் பார்த்ததை எழுதிய பிறகு கொஞ்சம் எண்களும் சேரட்டும்.

உலக அளவில் முதல் மூன்று மாதத்துக்குள் பரிசோதனைக்குப் போகும் கர்ப்பிணிகள் 1990-இல் 40.9 சதவீதம், 2013-இல் 58.6 சதவீதம் என்று 2017-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த மதிப்பீடு சொன்னது. பணக்கார நாடுகளில் 81.9, ஏழை நாடுகளில் 24. நாலில் ஒருத்திகூட இல்லை. இந்தியாவில் 2015-16-இல் 58.6 ஆக இருந்தது 2019-21-இல் 70 ஆனது. தமிழ்நாடு 77.4. அதே தமிழ்நாட்டில் நாலு தடவையோ அதற்கு மேலோ பரிசோதனைக்குப் போனவர்கள் கிட்டத்தட்ட 90 சதவீதம். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பாருங்கள். வராதவர்கள் மிகக் குறைவு, தாமதமாக வருபவர்கள் நிறைய. செவிலியம்மா கேட்கும் கேள்வி சரியாக அந்த இடைவெளியில் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2016-இல் நாலு தடவை போதும் என்பதை மாற்றி எட்டுத் தடவை என்றது, முதல் சந்திப்பு பன்னிரண்டு வாரத்துக்குள். 2023-இல் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் உலகில் இறந்த பெண்கள் சுமார் 2,60,000 பேர். நாளொன்றுக்கு எழுநூறுக்கு மேல்.

பணம் கொடுத்தால் சீக்கிரம் வருவார்களா? பின்லாந்தில் 1938-இல் ஏழைத் தாய்மார்களுக்குக் குழந்தைத் துணிமணி நிறைந்த ஒரு அட்டைப்பெட்டி கொடுக்க ஆரம்பித்தார்கள். 1949-இல் எல்லாத் தாய்க்கும் என்றானது. நாலாம் மாதம் முடிவதற்குள் பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பெட்டியிலேயே குழந்தையைத் தூங்க வைப்பார்கள். நம்மூர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாயும் சீக்கிரம் பதிவதை வைத்துத்தான் அமைந்தது. ஆனால் பின்லாந்து பெட்டி எல்லோருக்கும். நம் திட்டத்தில் பத்தொன்பது வயது நிரம்பியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவம்தான். பதினெட்டு வயதுக்காரியும் மூன்றாவது பிள்ளை சுமப்பவளும்தான் நமக்குச் சீக்கிரம் வர வேண்டியவர்கள். கதவை அவர்களுக்கு எதிரே சாத்தியிருக்கிறோம். இதை நான் எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் கோபம் குறைவதில்லை.

நல்ல நோக்கமும் தவறிப் போகும். எச்.ஐ.வி. சோதனைக்குக் கணவனையும் கூட்டிவரச் சொன்ன தான்சானியாவில், கணவன் வராத பெண்களைச் சில கிளினிக்குகளில் திருப்பி அனுப்பினார்கள் அல்லது காத்திருக்க வைத்தார்கள். சிலர் வாடகைக்கு ஒரு ஆணைக் கூட்டிவந்தார்கள், சிலர் வருவதையே நிறுத்தினார்கள். ருவாண்டாவில் வேறு வழி பார்த்தார்கள். ஒவ்வொரு கிராமத்திலும் கர்ப்பிணிகளுக்கென்றே அந்த ஊர்க்காரி ஒருத்தியைச் சுகாதாரப் பணியாளராக வைத்து, கையில் ஒரு சாதாரண போனைக் கொடுத்தார்கள். புதிதாக ஒரு கர்ப்பிணியைக் கண்டதும் ஒரு குறுஞ்செய்தி. 2009-இல் முசான்சே மாவட்டத்தில் ஆரம்பித்தது பிறகு நாடு முழுக்கப் போனது. அங்கே ஓ.டி.பி. இல்லை.

#11
எழுதியவர்: காவேரிக்கரை

எல்லாவற்றையும் படித்தேன். அக்காவிடம் போன் போட்டுக் கேட்டேன். எங்கள் ஆத்தாவுக்குப் பதினொரு பிரசவமாம். ஒன்பது என்று நான் நினைத்தது தங்கிய பிள்ளைகளோடு, வளர்ந்து இறந்த ஒருவரையும் சேர்த்து. மற்ற இரண்டையும் யாரும் கணக்கில் வைக்கவில்லை. ஒன்று முதுகில் கட்டியோடு பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டதாம். அக்கா அதைச் சொல்லும்போதே குரல் மாறிவிட்டது, எழுபது வயதில்.

அந்தக் கட்டி நீங்கள் சொன்ன முதுகுத்தண்டு விஷயமாக இருக்குமா?

#12
எழுதியவர்: பேறுகால மருத்துவர்

பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது ஐயா. ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இருக்க வாய்ப்பு அதிகம். தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், கரு தங்குவதற்கு முன்பிருந்தே சாப்பிட்டால் இப்படிப் பிறப்பதில் பெரும்பாலானதைத் தடுக்கலாம். மிகச் சின்ன மாத்திரை. உங்கள் மருமகளிடம் கேட்டுப் பாருங்கள், சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

#13
எழுதியவர்: துணைநிலையச் செவிலி

தேயிலைத்தளிர் சொன்னதை நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். நான் போகிற வாசல்கள் எல்லாம் அட்டை போட்ட வாசல்கள். அதனால்தான் நான் வந்தாலே ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த வாரம் ஒரு தெரு முழுக்க வீடு விடாமல் ஏறி இறங்கினேன். கிழவிக்கு ரத்த அழுத்தம், பள்ளிக்கூடப் பெண்ணுக்குக் கண் இமை, புது மருமகளுக்கு எடை. மூன்று மணி நேரம் கூடுதலாக ஆனது. எங்கள் எழுத்து வேலை நாலு ரெஜிஸ்டர் பாக்கி விழுந்தது. ஆனால் குங்கும டப்பாக்காரி வீட்டிலும் ஏறினேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாமியாருக்குத்தான் முதலில் ரத்த அழுத்தம் பார்த்தேன், 160 இருந்தது. அவரை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். "தனியா எப்படிப் போறது, மருமகளைக் கூட்டிக்கிட்டு வர்றேன்" என்றார். மருமகள் அடுப்படியில் நின்று என்னைப் பார்த்தாள்.

#14
எழுதியவர்: புதியவள் 24

இங்கே இதற்கு முன் எழுதியதில்லை. படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு நாள் தள்ளிப்போய் பதினெட்டு நாள் ஆகிறது. வீட்டுக்காரர் வெளியூர் வேலை, அவருக்கு மட்டும் தெரியும். இருப்பது மாமியார் வீடு. ஆதாரில் என் பழைய முகவரிதான் இருக்கிறது. நம்பரும் அப்பாவுடையது. இப்படியே போனால் பார்ப்பார்களா? தனியாகப் போகலாமா? யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வது?

#15
எழுதியவர்: துணைநிலையச் செவிலி

வாம்மா. செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கிற நாள், அன்றைக்குப் போ. தனியாகப் போகலாம், வீட்டுக்காரர் வேண்டாம். ஆதார் இருந்தால் எடுத்துக்கொண்டு போ, நம்பர் வராவிட்டால் "நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பரிசோதனை இன்றைக்கே செய்யுங்கள்" என்று கேள். கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் அதன் அட்டையையும் எடுத்துப் போ. வயிற்றில் ஒரு பக்கம் சுருக்கென்று வலி, மயக்கம், ரத்தம் தெரிந்தால் செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்காதே, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. கரு குழாயில் தங்கியிருந்தால் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

யாராவது பார்த்துக் கேட்டால் சத்து மாத்திரை வாங்க வந்தேன் என்று சொல். அது பொய்யில்லை.

#16
எழுதியவர்: புதியவள் 24

நாளை செவ்வாய். காலை ஏழரை பஸ். வெறும் வயிற்றில் போக வேண்டுமா அக்கா? எதுவும் சாப்பிட்டால் நிற்பதில்லை, சாப்பிடாவிட்டால் தலை சுற்றுகிறது.

#17
எழுதியவர்: துணைநிலையச் செவிலி

சாப்பிட்டுவிட்டே போ. இரண்டு இட்லி போதும், கூட ஒரு எலுமிச்சம்பழம் கையில் வைத்துக்கொள், பஸ்ஸில் முகர. போய்விட்டு வந்து எழுது.